விடுமுறைக்குத் தனியாக பஸ் ஏறும் மலையகப் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் முதல் தடவையாகத் தனியே வெளியூர் போகிறார்கள். கொழும்பில் சித்தி வீட்டுக்கு, வவுனியாவில் கட்டிக்கொடுத்த அக்காவைப் பார்க்க, யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு வகுப்புக்கு. நான் ஹட்டன் பக்கத்தில் மாலை வகுப்பு எடுப்பவள். பயணத்துக்கு முதல் நாள் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அம்மாமார் கேட்பவையும் இதில் உண்டு.

மிஸ், எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாருக்கும் இப்படித்தானா?

பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான். எதற்குப் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னால் நாலு விஷயம் வெளியே வரும். வாந்தி வந்துவிடுமோ, இறங்கும் இடத்தைத் தவறவிட்டுவிடுவேனோ, சிங்களத்தில் கேட்டால் என்ன சொல்வது, பக்கத்தில் உட்காருபவர் எப்படிப்பட்டவரோ. நாலுக்கும் பதில் இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு, பிள்ளைகள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "நான் தோட்டத்துப் பிள்ளை என்று பஸ்ஸில் தெரிந்துவிடுமோ" என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தில்தான் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள், தெரியாததைக் கேட்காமல் விடுகிறார்கள், வேறு ஊரில் போய் இறங்குகிறார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் உங்கள் தோட்டத்தின் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். இந்த நாட்டின் தேயிலையை நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகச் சுமந்த குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். பஸ்ஸில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே உரிமையோடுதான் ஏறுகிறீர்கள்.

எந்த வழியாகப் போகும்? எவ்வளவு நேரம் எடுக்கும்?

வழியை ஊர் ஊராக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை. அடுத்து எந்த டவுன் வரும் என்று தெரிந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே எல்லாம் அடையாளமாகிவிடும்.

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு: வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, கரவனெல்லை, அவிசாவளை, பிறகு கொழும்பு. நாலு, ஐந்து மணித்தியாலம். இதில் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலவுக்கு இறங்கும் துண்டுதான் வயிற்றைக் கலக்கும். வளைவுக்கு மேல் வளைவு, டிரைவர் கியரைக் குறைக்க எஞ்சின் உறுமும், பிரேக் சூடேறிக் கருகல் வாடை உள்ளே வரும், காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் காது திறந்துகொள்ளும். கித்துல்கலவில் களனி ஆறு ரோட்டுக்குப் பக்கத்தில் தெரியத் தொடங்கினால் மோசமான வளைவுகள் முடிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவிசாவளையில் வெக்கை முகத்தில் அடிக்கும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அங்கே போட்ட ஸ்வெட்டரோடு இங்கே இருக்க முடியாது. உள்ளே மெல்லிய சட்டை போட்டுப் போங்கள்.

பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 99ஆம் இலக்க பஸ். பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை, கொழும்பு. பதுளையிலிருந்து ஆறேழு மணித்தியாலமாவது ஆகும். அப்புத்தளை தாண்டிய இறக்கத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளமாகத் தெரியும். பயந்தவர்கள் மலைப்பக்க சீட்டில் உட்காரலாம். எனக்கு அந்தப் பள்ளப்பக்கம்தான் பிடிக்கும். வானம் தெளிந்த காலையில் தெற்கே சமவெளி கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து கிடக்கும்.

வவுனியா, யாழ்ப்பாணம் போகிறவர்கள் முதலில் கண்டிக்கு இறங்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழி, மூன்று மணித்தியாலம் வரை. கண்டியிலிருந்து ஏ9 பாதை. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம். அந்தப் பாதையின் நீளம் 320 கிலோமீற்றர் அளவில். கண்டியில் எந்த இடத்தில் இறக்குவார்கள், யாழ்ப்பாண பஸ் எங்கே நிற்கும் என்று ஏறும்போதே கொண்டக்டரிடம் கேளுங்கள். ஊரின் எல்லா பஸ்ஸும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கொழும்பிலும் அப்படித்தான். புறக்கோட்டையில் மத்திய பஸ் நிலையம், பஸ்டியன் மாவத்தை, குணசிங்கபுர என்று தனித்தனி நிலையங்கள். கூட்டிப் போக வருபவரிடம் "புறக்கோட்டையில் நிற்கிறேன்" என்று மட்டும் சொன்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நிற்பீர்கள். நிலையத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

எந்த நேரத்து பஸ் நல்லது?

விடிகாலை பஸ். இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம் என்பார்கள். முதல் பயணத்தைப் பகலிலேயே செய்யுங்கள், வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேருங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் முதல் பஸ் தவறினால் எல்லாம் தவறும் என்பதால், முந்தின நாளே டவுனில் உறவுக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள்.

நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். சித்திரை வருஷப் பிறப்பு, தீபாவளி, பொங்கல் நாட்களில் கொழும்பில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் எல்லாரும் மேலே வருவார்கள், பிறகு ஒரே நேரத்தில் கீழே இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் ஐந்து மணித்தியாலம் நின்றுகொண்டு போவது முதல் பயணத்துக்கு வேண்டாம். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், ரோடு முழுக்க வாகனம். இலங்கை போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) தூர பஸ்கள் சிலவற்றில் சீட் முன்பதிவு செய்யலாம், டிப்போவில் விசாரியுங்கள்.

எந்த சீட்?

முன் பாதியில், ஜன்னலோரம். பின் சீட்டும் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டும் தூக்கிப் போடும். ஆக முன்னாலிருக்கும் சீட் மதகுருமாருக்கு ஒதுக்கியது, அதில் உட்கார வேண்டாம். தங்கச்சிமார், பெண்கள் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கொண்டக்டரிடம் கேட்கலாம். பெரும்பாலும் அவரே யாரையாவது எழுப்பி மாற்றி உட்கார வைப்பார்.

வாந்தி வருமா?

வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மலை ரோட்டில் பெரியவர்களுக்கும் வரும். உடம்பு திரும்புவதை உட்செவி உணர்கிறது, கண்ணோ அசையாத முன் சீட்டையோ போன் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றி வயிறு புரட்டுகிறது. ஆகவே வளைவுகளில் போனைப் பார்க்காதீர்கள், தூரத்து மலையையோ முன்னால் வரும் ரோட்டையோ பாருங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

வெறும் வயிற்றோடு ஏறுவதும் தப்பு, வயிறு முட்டத் தின்று ஏறுவதும் தப்பு. அம்மா ஆசையாக ரொட்டியும் கட்டா சம்பலும் கட்டித் தருவார். அதைக் கித்துல்கலவுக்குக் கீழே, சமதரை வந்த பிறகு பிரியுங்கள். ஏறும் முன் இரண்டு பிஸ்கட், இஞ்சி போட்ட பிளேன்டீ போதும். மாத்திரை வேண்டுமென்றால் பார்மசியில் மருந்தாளரிடம் வயதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, பயணத்துக்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் இறங்கும் இடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். ஒரு துண்டு தேசிக்காய், கொஞ்சம் சித்தாலேப பாம், இரண்டு சொப்பிங் பேக், ஒரு துவாய். இவை மடியில் இருக்க வேண்டும். மேலே தட்டில் வைத்த பையைத் தேடி எழும்பும் நேரம் வயிறு தராது.

எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. கொண்டக்டர் ஏதாவது கேட்டால்?

மலையக ரோட்டில் ஓடும் கொண்டக்டர்மார் பலருக்குத் தமிழ் தெரியும். தெரியாதவரிடமும் நாலு வசனத்தில் சமாளிக்கலாம். ஏறும் முன் "மேக கொழம்ப யனவாத?" என்றால் இது கொழும்பு போகுமா. "கீயத?" என்றால் எவ்வளவு. "அவிஸ்ஸாவெல்ல ஆவம மட்ட கியன்ன" என்றால் அவிசாவளை வந்ததும் சொல்லுங்கள். இறங்க "மெதன பஹினவா". அண்ணன்மாரை "ஐயே" என்று கூப்பிட்டுப் பேசினால் அவர் உங்களை மல்லி (தம்பி), நங்கி (தங்கச்சி) என்று பதிலுக்குக் கூப்பிடுவார், பேச்சு இளகிவிடும். உச்சரிப்பு பிசகினால் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லுங்கள். பிசகாமல் முணுமுணுப்பவரைவிடப் பிசகிச் சத்தமாகச் சொல்பவருக்குத்தான் உதவி கிடைக்கிறது.

தமிழில் கேட்கவும் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பஸ் நிலையத்தில் நேரக் கணிப்பாளரிடம் தமிழில் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பது ஆகாது.

டிக்கட், மிச்சக்காசு?

டிக்கட்டைக் கேட்டு வாங்குங்கள், இறங்கும்வரை வைத்திருங்கள். சில்லறை இல்லையென்றால் கொண்டக்டர் மிச்சத்தை டிக்கட்டின் பின்னால் பேனாவால் எழுதித் தருவார். அவர் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம், இறங்கும் டவுனுக்கு முன்பே "இதுரு சல்லி" என்று நீட்டிக் கேளுங்கள். கூடுதல் கட்டணம் எடுத்தாலோ டிக்கட் தராவிட்டாலோ பஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு 1955க்குச் சொல்லலாம், அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

டொய்லட்?

இதைக் கேட்கத்தான் தங்கச்சிமார் அதிகம் கூச்சப்படுகிறார்கள், கேட்காமல் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறார்கள். அது தலைவலியையும் வாந்தியையும்தான் கொண்டுவரும். தூர பஸ் எங்காவது ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கும், பதுளை பஸ் என்றால் பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கம். எங்கே, எத்தனை நிமிஷம் என்று ஏறும்போதே கேளுங்கள். நின்றதும் முதலில் டொய்லட், பிறகு தேத்தண்ணி. இறங்கும் முன் பஸ் நம்பரைப் போனில் படம் எடுங்கள், அங்கே ஒரே நிறத்தில் மூன்று பஸ் நிற்கும். மாதவிடாய் நாட்களென்றால் தேவையானதைக் கைப்பையில் வையுங்கள். இடையில் மிகவும் அவசரமானால் ஒரு அக்காவிடம் சொல்லுங்கள், அவர் கொண்டக்டரிடம் சொல்லி நிறுத்துவார். இப்படி நிறுத்தாத பஸ்ஸை நான் கண்டதில்லை.

பக்கத்தில் இருப்பவர் தொந்தரவு செய்தால்?

இது உங்கள் குற்றம் கிடையாது, முதலில் அதை மனதில் ஏற்றுங்கள். இலங்கையில் பொதுப் போக்குவரத்தில் பெண்கள் படும் தொல்லை பற்றி ஐ.நா. சனத்தொகை நிதியம் செய்த ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 90 சதவீதம் பேர் தாங்கள் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இவ்வளவு பேர் அனுபவித்தும் பஸ்ஸில் சத்தம் கேட்பது அபூர்வம். நீங்கள் சத்தம் போடுங்கள். "கையை எடுங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி தமிழிலேயே கத்துங்கள், யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. உடனே எழுந்து முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், கொண்டக்டரிடம் ஆளைக் காட்டுங்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருஷம் வரை சிறை.

பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி 1938. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 1929, அதில் தமிழில் பேசலாம். அம்புலன்ஸ் 1990. போனில் சேமித்ததோடு விடாமல் ஒரு தாளிலும் எழுதுங்கள், சார்ஜ் இறங்கினால் தாள்தான் கைகொடுக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் நடக்கிறது. தம்பிமாரும் இந்த இலக்கங்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

பஸ் பள்ளத்தில் விழுமோ என்று அம்மா அழுகிறார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 மே 11ஆம் தேதி விடிகாலை, கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷம் செப்டெம்பரில் எல்ல, வெல்லவாய ரோட்டில் இன்னொன்று. இதையெல்லாம் பார்த்த தாயிடம் "ஒன்றும் நடக்காது" என்று சொல்லி வாயை அடைக்க நான் விரும்பவில்லை. உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பகல் பஸ். ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போகும் அளவுக்கு நிறைந்த பஸ்ஸில் ஏறாமல் அடுத்ததற்கு நிற்பது. சீட் பெல்ட் இருந்தால் போடுவது. டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டினால், போட்டிக்கு ஓடினால், கொண்டக்டரிடம் சொல்வது. பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு சொன்னால் கேட்பார்கள். கேட்காவிட்டால் அடுத்த டவுனில் இறங்கிவிடுங்கள். போன காசு போகட்டும்.

மழை நாளில் போகலாமா?

சாதாரண மழைக்குப் பயப்பட வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தை நனைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் பதுளைப் பக்கத்தின் முறை. மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று மட்டத்தில் எச்சரிக்கை வெளியிடுகிறது. மூன்றாவது மட்டம், அதாவது சிவப்பு, நீங்கள் போகும் பிரதேசத்துக்கு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகப் பாதைகள் எத்தனை சரிந்தன என்று உங்களுக்கே தெரியும். பாதை திறந்திருக்கிறதா என்று டிப்போவில் கேட்கலாம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அழைக்கலாம்.

இறங்கும் இடத்தைத் தவறவிட்டால்?

அடுத்த டவுனில், வெளிச்சமும் கடையும் உள்ள இடத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் பஸ் ஏறுங்கள். நடு ரோட்டில் பதறி இறங்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு அழைப்பு.

என்ன கொண்டு போக வேண்டும்? (அம்மாமார் கேட்பது)

அடையாள அட்டை, அதன் ஒரு பிரதி தனியாக. ரீலோட் போட்ட போன். பிள்ளை தன் கையால் தூக்கி நடக்கக்கூடிய ஒரே ஒரு பை. லீக்ஸ், கரட், தேயிலைத்தூள், முறுக்கு என்று உரப்பையில் கட்டிக் கொடுக்காமல் உங்களால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வெறுங்கையோடு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? தேயிலைத்தூளும் முறுக்கும் போதும். லீக்ஸை விட்டுவிடுங்கள். அந்த வாடையோடு வளைவில் இறங்குவது பிள்ளைக்குக் கஷ்டம்.

"விடுமுறைக்கு வா, வீட்டு வேலைக்கு உதவினால் காசு தருகிறேன்" என்று ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா?

இதை நிதானமாகப் படியுங்கள், வீட்டிலும் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கென்றே அலையும் தரகர்கள் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறை அவர்களுக்கு வசதியான காலம். இரண்டு மாதம் என்று போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமலே போவதை நான் பார்த்திருக்கிறேன். 2021இலிருந்து வேலைக்கு அமர்த்தக்கூடிய பொதுவான குறைந்த வயது 16, வீட்டு வேலைக்கு 18. அதற்குக் கீழே யார் கூப்பிட்டாலும் அது சட்ட விரோதம், அப்பாவே சம்மதித்தாலும்.

வயது கடந்தவர்கள் போவதென்றாலும் வீட்டு விலாசம், வீட்டுக்காரரின் பெயர், சம்பளம், தங்கும் அறை, திரும்பும் தேதி, இவ்வளவையும் பெற்றோர் நேரில் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால் ஒருவர் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அடையாள அட்டையையும் போனையும் யாரிடமும் "பத்திரமாக வைக்க" கொடுக்காதீர்கள். கேட்டால் அன்றைக்கே புறப்பட்டு வாருங்கள்.

போன இடத்தில் பிடிக்கவில்லை என்றால் இடையில் திரும்பி வரலாமா?

தாராளமாக. முதல் இரண்டு மூன்று இரவு தூக்கம் வராது, கொழும்பு வெக்கையில் நம் ஊர்க் குளிர் கண்ணுக்குள் நிற்கும், அழுகையும் வரும். அது வழக்கமாகத் தானாகவே அடங்கிவிடும், தினமும் ஒரு நேரம் குறித்து வீட்டோடு பேசுங்கள். அந்த வீட்டில் ஒருவரைப் பார்த்தால் பயம் வருகிறது, தனியாக இருக்க மனம் ஒப்பவில்லை என்றால் அது வேறு விஷயம். காரணம் விளக்க வார்த்தை கிடைக்காவிட்டாலும் "கூட்டிக்கொண்டு போங்க" என்று சொன்னால் போதும் என்று புறப்படும் முன்பே அப்பா அம்மாவோடு பேசி வையுங்கள்.

திரும்பும் பஸ் காசைப் போகும்போதே தனியாக மடித்து, எதற்காகவும் தொடாத இடத்தில் வையுங்கள். டவுனிலிருந்து உங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் உதவி இலக்கங்கள் எழுதிய தாளிலேயே எழுதுங்கள். அதற்கு முன் டவுனுக்கு வந்து சேரும்படி கணக்குப் பார்த்து அங்கிருந்து கிளம்ப வேண்டும். எப்படியும் இருட்டிவிடும் என்று தெரிந்தால் அவிசாவளை தாண்டும்போதே வீட்டுக்கு அழைத்து, அப்பாவையோ அண்ணனையோ பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நேரக் கணிப்பாளரின் அறைக்கு முன்னால் நில்லுங்கள்.